எழுபத்தொன்றாம் காட்சியில் மெட்டி இல்லை

ஜமுனாமரத்தூர்
20.1.2025, திங்கள்

எடிட்டர் திரு. கோபால்சாமி அவர்களுக்கு,

மூன்றாவது ஹார்டு டிஸ்க் இத்துடன் வருகிறது. காட்சி 58 முதல் 66 வரை. கன்டினியூட்டி தாள்கள் பச்சைக் கவரில் இருக்கின்றன. வழக்கமாக அதோடு என் வேலை முடிந்துவிடும். இந்த முறை கடிதமும் எழுத வேண்டியதாகிவிட்டது. இந்த மலையில் என் போனுக்கு டவர் கிடையாது. கீழே போய் வந்த புரொடக்‌ஷன் ஆளிடம் வக்கீல் சொல்லியனுப்பியிருக்கிறார். பிப்ரவரி பதினெட்டு, செவ்வாய்க்கிழமை, காலை பத்தரைக்குக் குடும்ப நீதிமன்றம். நாம் சேர்ந்து போட்ட மனு என்பதால், ஆறு மாதம் யோசித்தும் மனம் மாறவில்லை என்று இருவரும் நேரில் வந்து சொல்ல வேண்டுமாம். எந்தப் படத்தின் வேலை தலைக்கு மேல் இருந்தாலும் வந்துவிடுங்கள். இன்னொரு தேதி வாங்கி அலைய எனக்குத் தெம்பில்லை.

படத்தின் கதையை நீங்கள் முழுதாகப் படித்தீர்களா என்பது சந்தேகம்தான். நீங்கள் காட்சி எண்ணைத்தான் படிப்பீர்கள். அதனால் சொல்கிறேன். 1936. மேல்பட்டு ஜமீன். ஜமீன்தாரின் இளம் மனைவி சந்திரவதனா, ஓவியம் கற்றுத்தர வந்தவனிடம் மனதைப் பறிகொடுக்கிறாள். ஒரு காலை, மாடிப்படியின் கீழே பிணமாகக் கிடக்கிறாள். கொன்றது யார்? ஓவியனா, கணவனா? இரண்டு பேரும் இல்லை, ஜமீனின் காரியஸ்தர். டைரக்டர் அருளுக்கு முப்பத்திரண்டு வயது. ஜமீன் என்றால் எல்லோரும் மெதுவாக நடப்பார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். காபி கொண்டுவருகிற வேலைக்காரி கூட ஊர்வலம் போவதுபோல வருகிறாள். வெட்டுகிற உங்கள் கைதான் வலிக்கப் போகிறது.

டிரைவர் சின்னதம்பி திங்களும் வியாழனும் டிஸ்க்கோடு சென்னை வருவார். மறுநாள் திரும்புவார். பதில் இருந்தால் அவரிடம் கொடுக்கவும்.

ரேணுகாதேவி

---

சென்னை
24.1.2025

ரேணுகா,

டிஸ்க் வந்தது. பதினெட்டாம் தேதி குறித்துக்கொண்டேன். வருகிறேன்.

58-ல் ஜமீன்தாரின் அங்கவஸ்திரம் இடது தோளிலிருந்து வலது தோளுக்குப் போய்த் திரும்பி வருகிறது. உன் தாளில் எழுதியிருக்கிறாய், டைரக்டர்தான் கேட்கவில்லை போலிருக்கிறது. 64 நன்றாக வந்திருக்கிறது. சந்திரவதனா படியிறங்கும்போது பாதத்துக்கு எடுத்த குளோஸப்பில் மெட்டி ஒவ்வொரு படியிலும் தட்டுகிறது. சவுண்டை அப்படியே வைத்துக்கொள்ளப் போகிறேன்.

கேஸ் புத்தகம் எங்கே என்று தெரியவில்லை. சிலிண்டர் தீர்ந்து நான்கு நாளாகிறது. அவசரமில்லை. எடிட்டிங் அறைக்குக் கீழே மெஸ் இருக்கிறது.

சின்னதம்பி, "அக்கா ரொம்ப எளச்சிட்டாங்க சார்" என்றார். சாப்பிடுகிறாயா?

கோபால்சாமி

---

ஜமுனாமரத்தூர்
27.1.2025, திங்கள்

அவர்களுக்கு,

கேஸ் புத்தகம் அரிசி டிரம்மின் மேல், பழைய காலண்டருக்கு அடியில். இருபத்திரண்டு வருடமாக அங்கேதான் இருக்கிறது.

சாப்பிடுகிறேன். நட்சத்திரங்களுக்கு மட்டும்தான் பங்களாவில் ரூம். என் மாதிரி ஆட்களை ஊருக்குள் வீடுகளில் தங்க வைத்திருக்கிறார்கள். நான் இருப்பது மாணிக்கம்மாள் வீட்டில். என் வயதுதான் இருக்கும். புளி உலுக்கும் காலம் என்பதால் வாசல் முழுக்கப் புளி. போகும்போதும் வரும்போதும் நானும் உட்கார்ந்து நாலு ஓடு உடைத்துவிட்டுப் போகிறேன். சாமைச் சோறு போடுகிறாள். அவள் கணவர் வேடியப்பன் நம் செட்டுக்குக் காவல். பகலெல்லாம் பிளைவுட் தூணைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, இத்தினி பெரிய ஜமீன் வூடு, பின்னால செவுரே இல்ல?" என்று கேட்டார். சினிமாவைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

இந்த டிஸ்க்கில் 67 முதல் 72 வரை. 71 பிணக்காட்சி. ஹீரோயின் படுக்க மாட்டேன் என்றுவிட்டார். அவர் அம்மா ஜாதகத்தைக் கையோடு கொண்டுவந்திருக்கிறார். இந்த வருடம் முழுக்க ஆகாதாம். முகம் தெரியாத ஷாட்தானே, ஊர்ப் பெண் யாரையாவது படுக்க வைக்கலாம் என்று கேட்டார்கள். ஒருத்தியும் வரவில்லை. மாணிக்கம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "உசுரோட கீறப்பவே இன்னாத்துக்கும்மா சாவணும்? அது வர்றப்ப வரட்டும்" என்றாள். கடைசியில் ஒரு டூப் கிடைத்தது. ஒரே டேக்கில் முடிந்தது. மூச்சு விடுவதே தெரியவில்லை என்று டைரக்டருக்கு மகா சந்தோஷம்.

ஹீரோயின் டேட் முடிந்து போய்விட்டார். எனக்குத்தான் ஓய்வு கிடையாது. காலையில் எழுந்தால் தாள், படுக்கிற வரைக்கும் தாள். யார் எந்தக் கையில் டம்ளர் பிடித்தார்கள் என்று எழுதி எழுதி, என் கையில் என்ன இருக்கிறது என்பதே மறந்துவிடுகிறது.

ரேணுகாதேவி

---

சென்னை
31.1.2025

ரேணுகா,

71-ஐ நான்கு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு விஷயம்.

கேமரா பாதத்தில் ஆரம்பித்துப் புடவை வழியாகக் கூந்தலுக்குப் போகிறது. பாதம் திரை முழுக்க ஒன்பது விநாடி நிற்கிறது. வளையல் இருக்கிறது, கொலுசு இருக்கிறது. மெட்டி இல்லை. 64-ல் மெட்டியைத்தான் அவ்வளவு நேரம் காட்டியிருக்கிறோம். கொலைக் கதை பார்க்கிறவன் இதையெல்லாம் எண்ணிக்கொண்டிருப்பான். உன் தாளில் 'மெட்டி, இரண்டு காலிலும், சரி' என்று டிக் போட்டிருக்கிறாய். உன் டிக் தப்பி நான் பார்த்ததில்லை.

அடுத்தது, பிணமாக நடித்தவர் நிஜச் சாவு அண்டாமலிருக்க எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவாரே, அந்த ஷாட் டிஸ்க்கில் இல்லை. தாளில் 'சிரிப்பு, எடுத்தாயிற்று' என்று இருக்கிறது. டிஸ்க்கை மூன்று முறை தேடிவிட்டேன். எடுக்கவில்லை.

இவ்வளவையும் எழுதிவிட்டு மறுபடி மானிட்டருக்குப் போனேன்.

பாதத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டாவது விரலில் வெளுத்த வளையம் தெரிகிறது. பல வருடம் போட்டுக் கழற்றிய தடம். இடது கணுக்காலுக்கு மேல் அரை ரூபாய் அகலத்தில் ஒரு தழும்பு. மஞ்சள் பூசியும் மறையவில்லை. சாலிகிராமம் வீட்டில், கரண்ட் போய்த் திரும்பி வந்தபோது இஸ்திரிப் பெட்டி விழுந்து சுட்டது. நான்தான் இங்க் பூசினேன். அது தப்பு என்று டாக்டர் திட்டினார்.

ஊரில் ஒரு பெண் படுக்கவில்லை என்றால் நீ படுத்துவிடுவதா?

கோபால்சாமி

---

ஜமுனாமரத்தூர்
3.2.2025, திங்கள்

உங்களுக்கு,

ஆமாம். நான்தான். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஆள் கிடைக்காமல் நூற்றிருபது பேர் நிற்கிறார்கள். ஹீரோயின் உயரமும் என் உயரமும் ஒன்று. படுத்தேன். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

வளையலும் கொலுசும் காஸ்ட்யூம் பெண் மாட்டிவிட்டாள். மெட்டியை மட்டும் நானே போட்டுக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். தாளில் முன்கூட்டியே டிக் போட்டுவிட்டுப் படுத்தேன். கடைசி நிமிடத்தில் போடலாம் என்று கையில் வைத்திருந்தேன். நிஜ மெட்டியை ஆகஸ்டில், மனு போட்ட அன்றைக்கு, அண்ணன் வீட்டுக் குளியலறையில் சோப்புப் போட்டுக் கழற்றினேன். அரை மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு பாடுபட்டுக் கழற்றிய விரலில் ஒரு பித்தளை மெட்டியைப் போட மனம் வரவில்லை. அப்படி யோசித்துக்கொண்டே தூங்கிவிட்டேன்.

நிஜமாகத்தான் சொல்கிறேன். அந்தக் குளிர்ந்த தரையில், கனத்த புடவையோடு, அத்தனை விளக்குக்கு நடுவில் தூங்கிப்போனேன். இரண்டு மாதத்தில் அதுதான் நல்ல தூக்கம். டைரக்டர் மூச்சே தெரியவில்லை என்று மெச்சியது என் நடிப்பை என்று நினைக்க வேண்டாம். ஷாட் முடிந்து பேக்கப் சொல்லியும் எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லையாம். விழித்தபோது கேமராவைப் பெட்டியில் போட்டுவிட்டார்கள். சிரிப்பது எங்கே? மெட்டி இரண்டும் என் உள்ளங்கையில் அழுந்திக் கிடந்தன. தாளைத் திருத்தச் சோம்பலாக இருந்தது. உங்கள் கண்ணில் படும் என்று தெரியும். வேறு யார் கண்ணிலும் படாது என்றும் தெரியும்.

எல்லோரையும் சரிபார்க்கிறவள் தரையில் படுத்துவிட்டால் அவளை யார் சரிபார்ப்பார்கள்?

சரி. டைரக்டரிடம் சொல்லிவிடுங்கள். உங்களுக்குப் பழக்கம்தானே. மூன்று வருடத்துக்கு முன்னால் என் கதையை நானே டைரக்ட் செய்யத் தயாரிப்பாளர் சம்மதித்திருந்தார். டீ குடித்துக்கொண்டே உங்களிடம் அபிப்பிராயம் கேட்டார். 'இடைவேளைக்குப் பிறகு நிற்கவில்லை' என்றீர்கள். படம் போயிற்று. அதை உங்கள் வாயால் கேட்டிருந்தால்கூட அழுது முடித்திருப்பேன். ஒரு டப்பிங் தியேட்டர் வாசலில், செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது, மேனேஜர் சொல்லித் தெரிந்துகொண்டேன். வீட்டில் வந்து கேட்டதற்கு, "அவர் கேட்டார், சொன்னேன்" என்றீர்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு நான்தானே உங்களிடம் கேட்டேன்? 'பார்க்கலாம்' என்றீர்கள்.

கதை நிற்கவில்லை என்பது எனக்கும் தெரியும். அதற்காக நான் மெட்டியைக் கழற்றவில்லை.

இந்தத் தொழிலில் கன்டினியூட்டி பார்க்கிறவள் ஒரு தப்பு செய்தால் அதோடு அவள் பேர் போயிற்று. பரவாயில்லை. களைத்துப்போய்விட்டேன்.

ரேணுகாதேவி

---

சென்னை
4.2.2025

ரேணுகா,

சின்னதம்பியைக் கீழே டீக்கடையில் காக்க வைத்துவிட்டு எழுதுகிறேன். வேகமாக எழுதினால்தான் எழுதுவேன்.

டைரக்டர் வெள்ளிக்கிழமையே கீழே வந்து போன் செய்தார். 71 எப்படி வந்திருக்கிறது என்று கேட்டார். "இன்னும் திறக்கவில்லை" என்றேன். இருபத்தாறு வருடத்தில் நான் தொழிலில் சொன்ன முதல் பொய். நேற்றும் கேட்டார். டிஸ்க்கில் கோளாறு என்றேன். அது இரண்டாவது. உன்னிடம் முதலில் சொல்லாமல் அவரிடம் சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன். என்ன செய்வதென்று நீ சொல். நீ சொல்லும்வரை 71 என் மேஜையில் இருக்கும்.

அன்றைக்கு உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று மூன்று வருடமாக யோசித்திருக்கிறேன். உன் முகம் வாடுவதைப் பார்க்கப் பயம். தயாரிப்பாளர் முகம் வாடினால் எனக்கென்ன? அதனால் அவரிடம் உண்மையைச் சொன்னேன், உன்னிடம் 'பார்க்கலாம்' என்றேன். கோழைத்தனம். இதற்கு வேறு பேர் இருந்தால் அதுவாகவும் இருக்கட்டும்.

ஒன்று கேட்கிறேன். சிரிக்கிற ஷாட்டை எடுத்து அனுப்பு.

கோபால்சாமி

---

ஜமுனாமரத்தூர்
6.2.2025, வியாழன்

உங்களுக்கு,

இரண்டு பொய்யா! வயதான காலத்தில் இது எதற்கு?

நேற்று மத்தியானம் நானே டைரக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். முதலில் கத்தினார். பிறகு உட்கார்ந்தார். நிஜமாகவே பயந்துபோனார். செட்டைப் பிரித்தாகிவிட்டது, ஹீரோயின் திரும்பி வரமாட்டார், படியின் கீழே மறுபடி எடுக்க வழியில்லை. திருடியது யார், கொன்றவனே கழற்றினானா என்று காரியஸ்தர் தலையில் போடப் பார்த்தார். "காரியஸ்தர் பிணத்தின் காலைத் தொட்டுக் கழற்றுகிற ஆளில்லை சார். அவள் தானே கழற்றிவைத்துவிட்டாள்" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது.

நேற்றே புளி ஓட்டுக்கு நடுவில் உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். சாவதற்கு முதல் நாள் சாயங்காலம். ஜன்னலோரம் சந்திரவதனா உட்கார்ந்து மெட்டியைக் கழற்றுகிறாள். கைக்குட்டையில் முடிந்து நகைப் பெட்டியில் வைக்கிறாள். அழவில்லை, ஓவியனையும் நினைக்கவில்லை. விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் கடைசியில் அந்த முடிச்சைக் கண்டுபிடிக்கிறார். அவள் யாருக்காகவும் போகவில்லை, போவதென்று முன்பே முடிவு செய்துவிட்டாள் என்று அப்போதுதான் அந்த வீட்டுக்குத் தெரிகிறது. அதைக் கேட்டு ஜமீன்தார் உட்கார்ந்துவிடுகிறார்.

டைரக்டர் இரண்டு முறை படித்தார். "இதான் சார் படம்" என்று கேமராமேனிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை எடுக்கிறோம். ஜன்னலுக்கு ஹீரோயின் தங்கிய பங்களாவின் நிஜ ஜன்னலே போதும். பாதமும் கையும்தான் தெரியும். யாருடைய பாதம் என்று சொல்லத் தேவையில்லை.

சிரிப்பு எதற்கு? இதெல்லாம் மூடநம்பிக்கை என்று டீக்கடை டீக்கடையாகப் பேசியவர் நீங்கள்.

ரேணுகாதேவி

---

சென்னை
7.2.2025

ரேணுகா,

71-ஐத் திறந்துவிட்டேன் என்று டைரக்டரிடம் சொல்லிவிட்டேன். ஒன்றரைப் பக்கத்தின் நகலை அவர் அனுப்பியிருந்தார். எங்கும் தொய்வில்லை. இதை யாரிடமும் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் சொல்கிறேன்.

மூடநம்பிக்கைதான். எடுத்து அனுப்பு.

கோபால்சாமி

---

ஜமுனாமரத்தூர்
10.2.2025, திங்கள்

உங்களுக்கு,

சனிக்கிழமை எடுத்தது டிஸ்க்கில் இருக்கிறது. ஏழு டேக். மெட்டியைக் கழற்ற வேண்டுமென்றால் முதலில் போட வேண்டும் என்பது எழுதும்போது எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். ஏழு முறை போட்டேன், ஏழு முறை கழற்றினேன். முதலில் ஃபோகஸ் சரியில்லை, பிறகு ஜன்னலில் குரங்கு, பிறகு கையின் நிழல் விழுகிறது என்றார்கள். ஆகஸ்டில் யாரும் கட் சொல்லவில்லை, ரீடேக் கேட்கவில்லை.

விரல் புண்ணாகிவிட்டது. மாணிக்கம்மாள் விளக்கெண்ணெய் வைத்துவிட்டாள். எதற்குப் புண் என்று கேட்டாள், சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கோர்ட் தேதி வரைக்கும். பிணமாகப் படுத்துவிட்டுச் சிரிக்காமல் வந்ததைச் சொன்னதும்தான் அவளுக்குக் கோபம் வந்தது. "அப்டியேவா எழுந்து வந்த? உங்க ஆளுங்க வச்சிக்கினு கீற சாங்கியம், அதக்கூட நீ பண்ணல. வேற இன்னாத்த சரியா பண்ணப் போற?" என்றாள்.

ரேணுகா

---

சென்னை
11.2.2025

ரேணு,

ஏழு டேக்கும் பார்த்தேன். ஆறு டேக்கில் சந்திரவதனா கழற்றுகிறாள். ஏழாவதில் நீ கழற்றுகிறாய். கழற்றி முடித்த பிறகு விரல் அந்தத் தடத்தை ஒரு தரம் தொட்டுப் பார்க்கிறது. அது உன் ஒன்றரைப் பக்கத்தில் இல்லை. டைரக்டர் நான்காவதை வைக்கச் சொன்னார், அதில் வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம். ஏழாவதைத்தான் வைத்திருக்கிறேன். சண்டை போட்டு வைத்திருக்கிறேன்.

அடுத்தது 71. இந்த இரண்டையும் ஒட்டுவதுதான் என் வேலை. உயிரோடு உட்கார்ந்து மெட்டியைக் கழற்றுகிறாய். ஒரு கட். தரையில் கிடக்கிறாய். இன்றைக்குக் காலையிலிருந்து அந்த இடத்தில் கத்தரிக்க முடியவில்லை. பட்டனில் விரலை வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறேன். எத்தனை பிணத்தை வெட்டி ஒட்டியிருப்பேன். எழுந்து சிரித்துவிட்டுப் போகிற ஷாட் கடைசியில் எப்போதும் இருக்கும். அதைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவேன். அது எதற்காக இருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. அது நடிக்கிறவருக்காக எடுப்பதில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்காக.

பதினெட்டாம் தேதி வருகிறேன். நீ சொல்லச் சொல்வதைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் நீ எழுந்து உட்கார்வதை நான் பார்க்க வேண்டும். எனக்கு இரண்டு வார்த்தைக்கு மேல் கெஞ்சத் தெரியாது. இது கெஞ்சல்தான்.

கோபால்சாமி

---

ஜமுனாமரத்தூர்
13.2.2025, வியாழன்

உங்களுக்கு,

இது கடைசி டிஸ்க். கடைசி நான்கு கிளிப் தாளில் இல்லை. அவற்றுக்கு எண் போடவில்லை.

கேமராமேனிடம் எப்படிக் கேட்பது என்று தயங்கினேன். அவர் ஒன்றும் கேட்காமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு மாணிக்கம்மாள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். "எனக்கும் அது உறுத்திக்கினே இருந்துச்சு மேடம்" என்றார். சவுண்ட் ஆட்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். அதனால் படம் மட்டும்தான், சத்தம் இல்லை.

ரேணுகா

---

சென்னை
14.2.2025

ரேணு,

பார்த்தேன். முதல் மூன்றும் சிரிப்பில்லை. முதலாவதில் பல்லைக் காட்டுகிறாய். இரண்டாவதில் கேமராமேனுக்கு மரியாதை செய்கிறாய். மூன்றாவதில் ஆரம்பித்துவிட்டு அழுகிறாய். கேமராமேன் நல்ல மனிதர், நிறுத்தவில்லை.

நான்காவதில் வலது பக்கம் யாரோ ஏதோ சொல்கிறார்கள். நீ திரும்பிப் பார்க்கிறாய். பிறகு பதினோரு விநாடி சிரிக்கிறாய். தலையைப் பின்னால் சாய்த்து, கையால் வாயைப் பொத்தாமல். இதை நான் கடைசியாக எந்த வருடம் பார்த்தேன் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

71-ஐ வெட்டி ஒட்டிவிட்டேன். ஒரே முயற்சியில் வந்தது. இந்த நான்காவது கிளிப்பைக் குப்பையில் போடவில்லை. எங்கே வைத்திருக்கிறேன் என்று கேட்காதே.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். சொன்னது மாணிக்கம்மாளாகத்தான் இருக்கும், என்ன சொன்னார்? உதட்டைப் படிக்கலாமென்றால் அவர் ஃபிரேமில் இல்லை.

செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு நீதிமன்ற வாசலில் இருப்பேன்.

கோபால்சாமி

---

ஜமுனாமரத்தூர்
15.2.2025, சனி

உங்களுக்கு,

யூனிட் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஜமீனின் தூண்களை லாரியில் படுக்க வைத்துக் கட்டுகிறார்கள். வேடியப்பன் கூடவே நின்று எண்ணிக்கொண்டிருக்கிறார். சின்னதம்பியின் வண்டி கடைசியாகப் போகும். அதற்குள் இதை முடிக்க வேண்டும்.

டைட்டிலில் 'கூடுதல் காட்சி: ரேணுகாதேவி' என்று போடுவதாக டைரக்டர் சொல்லியிருக்கிறார். எழுத்து எத்தனை சின்னதாக இருக்கும் என்பது உங்கள் கையில்.

மாணிக்கம்மாள் புளிக் கூடையோடு நின்று மூன்று டேக்கையும் வேடிக்கை பார்த்தாள். மூன்றாவதில் நான் அழுததும் கூடையை இறக்கி வைத்துவிட்டாள். "இன்னாம்மா நீ? சாவச் சொன்னா தூங்குற, சிரிக்கச் சொன்னா அழுவுற. ஒன்ன வச்சிக்கினு உன் வூட்டுக்காரரு இருபத்திரண்டு வருசம் எப்டிதான் படம் ஓட்டுனாரோ, பாவம்" என்றாள். சொன்னது இவ்வளவுதான். அவளுக்கு நான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன், நீங்கள் செய்ததையும் சேர்த்துத்தான். அதற்குப் பிறகும் உங்களைப் பாவம் என்கிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை நான் வரவில்லை. வக்கீலிடம் இன்னும் சொல்லவில்லை, உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். மனம் மாறிவிட்டது என்று அர்த்தமில்லை. மனம் மாறவில்லை என்று நீதிபதிக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டுமே, அதை இப்போது என்னால் சத்தியமாகச் சொல்ல முடியாது. வீட்டுக்கு வரவும் தெம்பில்லை. பத்து நாள் இங்கேயே இருந்து தூங்கப் போகிறேன். புளி இன்னும் பாதி பாக்கி இருக்கிறது. என் கதையின் இடைவேளைக்குப் பிந்திய பகுதியும் பாக்கி இருக்கிறது.

நீங்கள் நீதிமன்ற வாசலில் நின்று திரும்ப வேண்டாம். பதினெட்டாம் தேதிக்கு எப்படியும் லீவு போட்டிருப்பீர்கள். அன்றைக்குத் திருப்பத்தூர் வந்து மலைக்கு பஸ் ஏறுங்கள். என் கதையை நீங்கள் படிக்க வேண்டும். படித்துவிட்டு நிற்கவில்லை என்றால் என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வாடினால் வாடட்டும், எழுந்து உட்கார எனக்குத் தெரியும்.

மெட்டி எதுவும் வாங்கி வராதீர்கள். விரல் இன்னும் ஆறவில்லை. காலையில் குளிர் அதிகம், மறக்காமல் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுடையது பீரோவில் மேல்தட்டில், இடது பக்கம் இருக்கிறது.

ரேணு